என் கட்டிலின் பகல்காரர்

ஷார்ஜாவில் இறங்கிய அன்றே எனக்குப் பாதிக் கட்டில் கிடைத்தது. நீளவாக்கிலோ அகலவாக்கிலோ பாதி இல்லை, நேரவாக்கில் பாதி. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடிகாலைவரை அது என்னுடையது. பகல் முழுக்க இன்னொருவருடையது.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே காதர் பாய் இதைச் சொல்லிவிட்டார். அவர் கீழக்கரைக்காரர், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் துணிக்கடை வைத்திருந்தார், ஒரு காலத்தில் மதுரையில் எங்கள் அப்பாவின் கடைக்கு லுங்கிச் சரக்குப் போட்டவர். நான் அப்போது கோவையில் சிவில் என்ஜினீயரிங் மூன்றாம் வருடம். எங்கள் கல்லூரியும் ஷார்ஜாவில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு பருவத்துக்கு மாணவர்களை மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டிருந்தன. அங்கிருந்து கோவைக்கு ஒருவரும் வரவில்லை. இங்கிருந்து நான் ஒருவன் போனேன். விடுதியில் இடமில்லை என்று கடைசி நேரத்தில் அவர்கள் கைவிரித்துவிட, அப்பா காதர் பாய்க்கு போன் போட்டார்.

"பகல்ல படுக்கறவரு சம்முவம்னு, பரமக்குடிப் பக்கத்து ஆளு. பேக்கரியில நைட் டூட்டி. நீங்க எந்திரிச்சுப் போனப்புறம் வருவாரு, நீங்க வர்றதுக்குள்ள போயிருவாரு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே வேண்டாம் தம்பி," என்றார் காதர் பாய்.

அவர் அதை ஒரு வசதியாகச் சொன்னார். எனக்கோ அருவருப்பாக இருந்தது. அண்ணன் துடைத்த துண்டைக்கூடத் தொடாமல் வளர்ந்தவன் நான். முகம் தெரியாத ஒருவரின் வியர்வையில் நான்கு மாதம் படுக்க வேண்டுமா? துபாயில் மெட்ரோ எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முந்திய வருடம் அது. ஊரே கட்டுமானத்தில் இருந்தது, ஆட்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தார்கள், முழுக் கட்டில் என்பது முதலாளிகளின் சமாசாரம்.

ரூம் ரோலாவின் பழைய கட்டடம் ஒன்றில் நாலாவது மாடி. கீழே பணம் அனுப்பும் கடைகள், மேலே நாங்கள். காதர் பாய், அரியலூரிலிருந்து வந்த ஏசி மெக்கானிக் தங்கராசு அண்ணன், வெவ்வேறு ஷிப்டில் போய்வந்த இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரின் முகத்தைவிடக் குறட்டையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பதால் ரூமுக்கு ஒரு சட்டம் இருந்தது. பகலானாலும் விளக்குப் போடக் கூடாது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். பேச்சு என்றால் காதோடு பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்குகிறவனைத் தொடவே கூடாது. இங்கே எல்லோரும் தூக்கத்துக்குத்தான் வாடகை கொடுக்கிறோம் என்று காதர் பாய் விளக்கம் சொன்னார். ஜன்னலில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதனால் மத்தியானமும் அங்கே அந்திபோலத்தான் இருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் கட்டிலில் கை வைத்தேன். சூடாக இருந்தது. சற்று முன்புதான் எழுந்து போயிருக்கிறார். போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது, தலையணை வடக்குப் பக்கம் கிடந்தது. தேங்காய் எண்ணெயும் மைதாவும் கலந்த ஒரு வாசனை. ஆள் இல்லை, ஆனால் ஆளின் சூடு படுத்திருந்தது.

எங்கள் வீட்டில் வடக்கே தலைவைத்துப் படுத்தால் அம்மா அடித்து எழுப்புவாள். தலையணையைத் தூக்கித் தெற்கே, ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டேன். படுத்த பிறகுதான் சுவரைப் பார்த்தேன். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவரில் இரண்டு எண்ணெய்க் கறைகள். ஒன்று வடக்கு ஓரத்தில், நெற்றி அளவுக்கு. இன்னொன்று அதற்கு மிக அருகில், முழங்கால்கள் முட்டுகிற இடத்தில். நெற்றியும் முழங்காலும் கிட்டத்தட்ட ஒட்டும்படி, சுவரைப் பார்த்துச் சுருண்டு படுக்கிற மனிதர். மெத்தையிலும் அதே வடிவத்தில் ஒரு பள்ளம். நான் எப்படிப் புரண்டாலும் ராத்திரி அந்தப் பள்ளத்தில்தான் போய் விழுந்தேன்.

காலையில் இருட்டிலேயே எழுந்து, போர்வையைத் தலையணைமேல் அப்படியே குவித்துப் போட்டுவிட்டு ஓடுவேன். மடிக்கிற பழக்கம் எனக்கு வீட்டிலும் கிடையாது. சாயங்காலம் வந்தால் அது நான்காக மடிந்திருக்கும், தலையணை வடக்கே போயிருக்கும். அதை நான் மறுபடி தெற்கே போடுவேன். வாய் திறக்காமல் இரண்டு பேர் நடத்துகிற வழக்கு.

பல்கலைக்கழகம் ஊர்க்கோடியில், முவைலா என்ற பகுதியைத் தாண்டி இருந்தது. ரோலாவிலிருந்து, வழியில் இறங்குகிற வேலையாட்களோடு, ஒரு வேனில் போவேன். ஓட்டுநர் ஒரு பட்டாணியர், கதவு சரியாகச் சாத்தாது, கதவோரம் உட்கார்ந்தவன் அதைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். புதிதாக ஏறியவன் என்பதால் அந்தப் பதவி எனக்கு வந்தது. இண்டஸ்ட்ரியல் ஏரியா வழியாக வேன் போகும்போது எதிர்ப்பக்கம் இரவு டூட்டி முடித்தவர்கள் சாரிசாரியாக நடந்து வருவார்கள். எல்லோர் முகத்திலும் தூக்கம். இவர்களில் ஒருவர் என் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று தினமும் நினைப்பேன். யார் என்று ஊகித்துப் பார்ப்பேன். ஒரு நாள் மீசைக்காரர், ஒரு நாள் குள்ளமானவர்.

பல்கலைக்கழகத்தைப் பார்த்து முதல் நாள் வாயைப் பிளந்தேன். அரண்மனைதான். குவிமாடங்கள், பாலைவனத்தின் நடுவே பச்சைப் புல், நீரூற்றுகள். ஆட்களைத்தான் காணோம். எல்லோரும் காரில் வந்து, வாசலில் இறங்கி, ஏசிக்குள் மறைந்துவிடுவார்கள். அந்த நீளமான நடைபாதைகளில் நடந்தவன் நான் ஒருவன்தான். என் காலடிச் சத்தம் எதிரொலித்து, பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கும். திரும்பினால் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கோவையில் எங்கள் கல்லூரி வாசலில் மட்டும் நாலு டீக்கடை, எந்நேரமும் சண்டை. அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு ஏங்குவேன் என்று நினைக்கவில்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த சிரியா நாட்டுப் பையன் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டான். ரோலா என்றேன். அங்கே வீடுகள் இருக்கின்றனவா என்றான். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பையன் அவன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. குபூஸ் என்கிற அந்த அரபு ரொட்டி சூடாக இருக்கும்வரை அமிர்தம். ஆறினால் செருப்புத் தைக்கலாம். தங்கராசு அண்ணன் அதை மட்டன் குழம்பில் ஊறப்போட்டு, புரோட்டா என்று நினைத்துக்கொள்ளச் சொல்வார். மதுரைக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

வியாழனும் வெள்ளியும் கல்லூரி விடுமுறை. சண்முகத்துக்கோ விடுமுறை என்பதே கிடையாது. ஆகவே அந்த இரண்டு பகலும் எனக்குப் படுக்க இடமில்லை. வியாழனில் நூலகம். வெள்ளிக்கிழமை ரூமில் எல்லோரும் இருப்பார்கள், சேர்ந்து சமைப்பார்கள், காலை நீட்ட முடியாது. நான் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். ஷார்ஜாவையும் துபாயையும் நான் பார்த்ததெல்லாம் இந்த வெள்ளிக்கிழமைகளின் தயவில்தான்.

முதல் வெள்ளி துபாயில் நம் ஊர் ஓட்டல்கள் இருக்கிற கராமாவுக்குப் போனேன். மசால் தோசை, சாம்பார், பில்டர் காபி. பக்கத்து மேசையில் இரண்டு மலையாளிகள், புதிதாகக் கட்டிய ஒரு கட்டடத்தில் ஒரு மாடி முழுக்க ஆளே இல்லாமல் விளக்கு மட்டும் எரிகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு வந்தவன் யாரென்று காவலாளிக்கே தெரியவில்லையாம். இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியும் என்று அதில் ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார்.

இன்னொரு வெள்ளி தப்பான வண்டியில் ஏறிப் பக்கத்து ஊரான அஜ்மானில் போய் இறங்கினேன். தொழுகை நேரம். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. கடற்கரைச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. வரிசையாக நிறுத்திய கார்கள், அசையாத தண்ணீர், வெயில். ஊரையே ஒருவர் மடித்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அப்போது திடீரென்று, இந்த நிமிடம் என் போர்வைக்குள் வேறொருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. அவர் எழுந்தால்தான் எனக்குப் போக இடம். அவருக்கும் என்னைப் பற்றி அப்படித்தான் தோன்றுமோ என்னவோ.

இரண்டாவது வாரத்தில் தலையணை அருகே இளஞ்சிவப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பன். மேலே சீனி தூவியது, நடுவில் தேங்காய்ப்பூ. அவர் மறந்து வைத்துவிட்டார் என்று தொடாமல் விட்டேன். மறுநாள் அது அப்படியே இருந்தது, பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அதற்குமேல் வீம்பு பிடிப்பது அழகல்ல என்று இரண்டையும் தின்றேன். பதிலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய காராச்சேவில் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். சாயங்காலம் காகிதம் மட்டும் இருந்தது, நான்காக மடித்து. அதிலிருந்து தினம் ஒரு பன் எனக்கு. அருவருப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. ரூம் வாசலுக்கு வரும்போதே கை பன்னைத் தேட ஆரம்பித்துவிட்டது.

வடக்கு மட்டும் என்னை விடவில்லை. போனில் அம்மா, எந்தப் பக்கம் தலைவைக்கிறாய் என்று கேட்டாள். தெற்கு என்றேன், வாய் சும்மா இராமல் மற்றதையும் சொன்னேன். தினமும் வடக்கே தலைவைக்கிற ஆளின் படுக்கையா, அது ஆகவே ஆகாது, ஏதாவது வந்து சேரும் என்று அவள் அழாத குறை. நான் அறிவியல் படிக்கிறவன். இருந்தாலும் அன்று அந்தப் பள்ளத்தில் படுத்தபோது முதுகு சில்லென்றது. ஒரு வெள்ளிக்கிழமை காதர் பாயிடம், தலையணையை மாற்றிப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்து, "சொல்லுறேன் தம்பி," என்றார்.

மறுநாள் சனிக்கிழமை விடிந்தபோது வெளியே ஊர் இல்லை. பனி. நம் ஊர் மார்கழிப் பனி இதற்கு முன்னால் நிற்க முடியாது. பாலை மணலும் கடலும் சேர்ந்து கக்கிய வெள்ளை. நீட்டிய கை தெரியவில்லை. வேன் ஊர்ந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார், நான் வழக்கம்போல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேன் நின்றது. முன்னால் சிவப்பும் நீலமுமாக ஏதோ விளக்கு பனிக்குள் கரைந்து கரைந்து எரிந்தது. சத்தமே இல்லை. கதவிடுக்கு வழியாகத் தரையைப் பார்த்தேன். சாலையில் பன்கள் சிதறிக் கிடந்தன. மைனாக்கள் அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒற்றைச் செருப்பு. ஓட்டுநர் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "யாரோ ஒருத்தன்," என்று இந்தியில் சொன்னார். "இந்தப் பனியில் சாலை ஆளை விழுங்கிவிடும்." வேன் கிளம்பியது. பசி வேளையில் இவ்வளவு பன் வீணாகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல.

அன்று சாயங்காலம் பன் இல்லை. போர்வை நான் குவித்தபடியே கிடந்தது. தலையணை தெற்கே, நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

காதர் பாய் சொல்லிவிட்டார், ஆளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். சொன்னதைக் கேட்டுத் தலையணையைத் தொடவில்லை, ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பன்னையும் நிறுத்திவிட்டார், போர்வை மடிப்பதையும் நிறுத்திவிட்டார். ஞாயிறும் அப்படியே. சரி, இவருக்கே இவ்வளவு என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று நானும் காராச்சேவை நிறுத்தினேன். அந்த வாரம் பாலம் ஒன்றின் மாதிரி செய்து கொடுக்க வேண்டியிருந்ததால் தினமும் தாமதமாகத்தான் ரூமுக்கு வந்தேன். கட்டில் சில்லென்று இருந்தது. நேரமாகிவிட்டதால் சூடு ஆறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. பள்ளம் அதே பள்ளம்தான், என்றாலும் ஆளில்லாத வீட்டில் நுழைந்துவிட்டவனைப்போலப் படுத்திருந்தேன்.

தங்கராசு அண்ணனிடம் ஒரு தடவை, அவர் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, மத்தியானம் தாம் ரூமுக்கு வந்தபோது அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார் என்றார். காதர் பாயும் கடை சாத்திய மதிய இடைவேளையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்.

புதன்கிழமை ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போய், நண்பகலிலேயே எங்களை அனுப்பிவிட்டார்கள். வெயிலில் எங்கும் போகத் தெம்பில்லை. சட்டத்தை மீறி ரூமுக்கே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தங்கராசு அண்ணன் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா. தூங்குறாரு."

உள்ளே அந்தி வெளிச்சம். என் கட்டிலில், போர்வைக்குள், சுவரைப் பார்த்து ஒருவர் படுத்திருந்தார். முதல் தடவையாக அவரைப் பார்க்கிறேன். காதர் பாய் தன் கட்டிலில் ஒலி எழாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கை படுகிற சத்தம்கூட வரவில்லை. குளியலறைக்குப் போன தங்கராசு அண்ணன் குழாயைச் சன்னமாகத் திறந்தார். இருவரும் அவருக்காக அப்படி அடங்கி ஒடுங்கி நடந்ததைப் பார்த்து எனக்கே மனசு இளகிவிட்டது. எழுந்ததும் முகத்தைப் பார்த்துச் சமாதானம் பேசிவிடலாம் என்று தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஜன்னல் காகிதத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக ஒரு வெயில் கோடு உள்ளே வந்து போர்வைமேல் ஊர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மூச்சு விடுகிறாரா? போர்வை ஏறி இறங்கவில்லை. இல்லை, ஏறுகிறது. இல்லை. அவர் எழுகிற வேளையில் கட்டிலுக்கடியில் ஒரு அலாரம் கடிகாரம் அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேளை வந்தது. ஒன்றும் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். சாவி கொடுப்பாரில்லாமல் கடிகாரம் நின்றுபோயிருந்தது.

"அண்ணே, டைம் ஆச்சு," என்றேன்.

தொடாதே என்று காதர் பாய் கையால் சைகை காட்டினார். நான் தொட்டேன். போர்வை அமுங்கியது. என் கை மெத்தைவரை போயிற்று. உள்ளே என் தலையணை, என் ஈரத்துண்டு, காலையில் நான் கழற்றிப் போட்ட பனியன். அவ்வளவுதான்.

காதர் பாய் எழுந்து விளக்கைப் போட்டார். நான் அந்த ரூமில் சேர்ந்ததிலிருந்து பகலில் விளக்கு எரிந்தது அப்போதுதான். அந்த வெளிச்சத்தில் எங்கள் மூன்று பேர் முகமும் பேயறைந்ததுபோல் இருந்தது. சனிக்கிழமையிலிருந்து அவர்கள் விரல் நுனியில் நடந்தது என் போர்வைக்கு. காதோடு பேசியது என் பனியனுக்கு. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்திருந்தால், சாயங்காலம்வரை எல்லோரும் ரூமில் இருந்திருப்பார்கள், ஆள் எழாதது தெரிந்திருக்கும். வரவில்லை.

"நீங்க தலையணை விஷயம் சொன்னீங்களா?" என்று காதர் பாயிடம் கேட்டேன்.

"எங்க தம்பி. அவரு முழிச்சிருந்து பார்க்கவே இல்லையே. மறந்தே போனேன்."

சாலையில் சிதறிக் கிடந்த பன்களும் மைனாக்களும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர்களிடம் சொன்னேன்.

காதர் பாய் கடையைத் திறக்கவில்லை. நேரே பேக்கரிக்குப் போனோம். மேலாளர் எங்களைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். சண்முகம் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து டூட்டிக்கு வரவில்லை, லேபர் கார்டு இருந்த சட்டையை ஆணியிலேயே மாட்டிவிட்டு ஓடிவிட்டான், ரூமில் ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று இந்தியில் கத்தினார். ஓடிப்போனவன் என்று பேப்பர் போடச் சொல்லிக் கஃபீலிடம் பேசியாகிவிட்டதாம். கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. அந்தப் பேப்பர் போய்விட்டால் சண்முகம் குற்றவாளி. போலீஸ் தேடும், பிடித்தால் ஜெயில், திருப்பி அனுப்பல். எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்தோம், ஓடிவிட்டார் என்று இவர்கள் நினைத்தார்கள். நடுவில் அந்த மனிதர் எங்கேயும் இல்லை.

"ரெண்டு மணி நேரம் கொடுங்க பாய்," என்று மேலாளரிடம் கேட்டு, கார்டை வாங்கிக்கொண்டு காதர் பாய் வெளியே வந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி நர்ஸ் எங்களைக் கூட்டிப்போனார். பனி நாளில் பெயர் தெரியாமல் வந்தவர்கள் மூன்று பேர் என்றார். எல்லோருமே தலையில் அடிபட்டவர்கள், ஒருவரும் பெயர் சொல்லும் நிலையில் இல்லை. கட்டுப் போட்டு, சிரைத்து, வீங்கிய முகங்கள். காதர் பாய் கார்டிலிருந்த போட்டோவைப் பார்த்தார், கட்டில்களைப் பார்த்தார். போட்டோவில் அடர்ந்த மீசையோடு ஒரு வாலிபர் முறைத்தார். கட்டிலில் கிடந்த எந்த முகத்திலும் மீசை இல்லை.

"நான் அவரை வெளிச்சத்துல பார்த்தது ரூமுக்கு வந்த அன்னிக்கு மட்டும்தான் தம்பி," என்றார் மெதுவாக. தங்கராசு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ மாதம் ஒரே ரூமில் இருந்தவர்கள். அவரை அவர்களுக்குப் போர்வையாகத்தான் தெரியும்.

கடைசிக் கட்டில் சுவரை ஒட்டி இருந்தது. அதில் இருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்கால்களை மார்புவரை மடக்கி, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு.

"எத்தனை தடவை நேரே படுக்க வைத்தாலும் திரும்பவும் சுவருக்கே போய்விடுகிறார்," என்று நர்ஸ் குறைப்பட்டுக்கொண்டார்.

நெற்றிக்கும் முழங்காலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். எனக்கு அது தெரியும். இத்தனை நாளும் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

"இவர்தான்," என்றேன்.

எப்படித் தெரியும் என்று காதர் பாய் கேட்கவில்லை. குனிந்து சம்முவம், சம்முவம் என்று கூப்பிட்டார். அசைவில்லை. நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் தோளைத் தொட்டு, "அண்ணே, டைம் ஆச்சு," என்றேன்.

கண் திறந்தது. எழுந்து உட்காரப் பார்த்தார், கட்டுப் போட்ட கையை ஊன்றி. டூட்டிக்கு நேரமாகிவிட்டவரின் பதற்றம். நர்ஸ் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். வீங்கிய இமைகளுக்குள்ளிருந்து அவர் என்னையே பார்த்தார். நான் இன்னார் என்று சொன்னேன்.

"ராத்திரித் தம்பியா?" குரல் சன்னமாக வந்தது. "பன்னு எடுத்துக்கிட்டீகளா?"

"எடுத்துக்கிட்டேன்," என்றேன். மைனாக்கள் தின்றதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு காதர் பாய் பேக்கரிக்கும் கஃபீலின் ஆபீசுக்கும் அலைந்தார், பேப்பர் நின்றது. சண்முகம் அண்ணன் பிழைத்துவிட்டார். கை சரியாகக் கூடவில்லை. நான் கோவைக்குத் திரும்புவதற்கு முன்பே அவரை ஊருக்கு விமானம் ஏற்றினோம். பேச்சுக்காரர் இல்லை அவர். பேசியபோதெல்லாம் என்னிடம் காராச்சேவு பற்றியே கேட்டார். அந்த வடக்குத் தலையணை பற்றிக் கேட்கலாமென்று நான் பல தடவை நினைத்து, கேட்காமல் விட்டேன்.

கேட்கத் தேவையும் இல்லாமல் போயிற்று. அவரைக் கண்டுபிடித்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, எங்கும் போக வேண்டாம், பகலிலும் படுத்துக்கொள்ளுங்கள், கட்டில் காலிதானே என்றார் காதர் பாய். அந்தக் கட்டிலில் நான் முதன்முதலாகப் பகலில் படுத்தேன். தெற்கே தலைவைத்து. கொஞ்ச நேரத்தில் காகிதக் கிழிசல் வழியாக அந்த வெயில் கோடு வந்து நேராகக் கண்ணில் குத்தியது. புரண்டேன், துண்டைப் போட்டு மறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தலையணையை எடுத்து வடக்கே போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பினேன். இருட்டு. நெற்றி தானாகவே அந்தக் கறையில் போய் முட்டியது. வேறு காரணம் ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

தூக்கம் வருகிற நேரத்தில் கதவு திறந்தது. தங்கராசு அண்ணன். செருப்பைக் கழற்றினார், விரல் நுனியில் நடந்து வந்தார், என் கட்டில் அருகே நின்றார். போர்வைக்குள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இந்த ரூமில் யாரும் யாரையும் தொடுவதில்லை. போர்வைமேல் ஒரு கை வந்து என் பாதத்தைப் பிடித்தது, பிடித்தபடியே காத்திருந்தது.

காலை லேசாக அசைத்தேன். கை விலகியது.